முந்தானைக் கரையில் ஒரு பெயர்

ஓர் ஆளை அழிக்கச் சொல்லி என் வீட்டுக்கு வந்தார்கள். கத்தி, துப்பாக்கி ஒன்றும் தேவைப்படாத வேலை. அந்த ஆள் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவள். நீலச் சேலை கட்டிக்கொண்டு, பெரிய கிடாரம் ஒன்றின் முன்னால் அகப்பையோடு நிற்கிறாள். அவளுக்கு மேல் ஒரு பொட்டு வெள்ளையை வைத்து, கொஞ்சம் புகையும் கீறிவிட்டால் அப்படியொருத்தி நின்றதே தெரியாது என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் பெருமைப்பட்ட அதே இடத்தில் ஒரு பெரிய பிழையும் விட்டிருந்தேன். அதை விட்டுவிட்டு இதை மட்டும் எழுத முடியாது.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டளவில் கனடாவில், மொன்ட்ரியாலின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அதற்கு முன் மட்டக்களப்பில் நில அளவைக் கந்தோர் ஒன்றில் படவரைஞராக இருந்தவள். காணிகளின் எல்லைகளை மயிரிழைக் கோடாக இழுப்பதும், வாவிக்கரையிலும் வயல்வெளியிலும் ஊர்ப் பெயர்களை எறும்பளவு எழுத்தில் எழுதுவதும்தான் என் உத்தியோகம். அந்தக் கைக்கு இங்கே மாத்திரை அட்டைகளைப் பெட்டிக்குள் செருகும் வேலை கிடைத்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவள் ஓர் ஈரான்காரி. என் வயதுதான், என்னைப் போலவே வாய்க்காரி. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பாரசீகம் தெரியாது. பல வருடத்துக்கு முன், புதிதாக வந்தவர்களுக்கு நடத்தும் வகுப்பில் படித்ததை வைத்துக்கொண்டு இருவரும் பிரெஞ்சைக் கொலை செய்து கதைத்தோம்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் பெட்டி மட்டை ஒன்றில் நான் சும்மா கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். அடிமட்டம் இல்லாமல் ஒரு முழ நீளத்துக்கு நேர்கோடு. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சனிக்கிழமை வீட்டுக்கு வா என்றாள். தன் நாட்டில் அவள் சித்திர எழுத்தும், விரற்கடை அளவு ஆட்களைக் கீறும் நுண்ணோவியமும் முறையாகப் படித்தவளாம். இங்கே வந்த பிறகு கதைக்கவே ஆள் இல்லை என்றாள். படிக்க என்றில்லை, வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பிறகு நான்கு வருடம் சனிக்கிழமைகளில் வேறெங்கும் போகவில்லை.

முதல் இரண்டு மாதம் படம் கீறவே முடியவில்லை. தாளுக்குக் கஞ்சி பூசிக் காயவைத்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தோம். கஞ்சி போட்ட சேலை கட்டி வளர்ந்தவளுக்குக் கஞ்சி காய்ச்சச் சொல்லித்தர வேண்டாம் என்று அவளிடம் சண்டை பிடித்தேன். நிறங்களைச் சிப்பியில் கரைத்து வைப்பதுதான் பழைய முறை என்றாள். ஜான்-டலோன் சந்தையில் மட்டி வாங்கிக் கறியாக்கிச் சாப்பிட்டுவிட்டு, ஓடுகளைக் கழுவிக் கொண்டுபோய் வைத்தேன். தூரிகைக்கு அணில் வால் மயிர் வேண்டுமாம். மொன்ட்ரியாலில் அணிலுக்குக் குறைவில்லை. ஆனால் எந்த அணில் வாலைத் தரும்? கடைசியில் அவள் வளர்த்த பூனை அகப்பட்டது. அந்தப் பூனைக்கு என்னைக் கண்டால் ஆகாது.

எழுத்துக்கு நாணல் பேனா. அதன் முனையைச் சரித்து வெட்டி, அதே முனையால் புள்ளி வைத்து, இந்த எழுத்து இத்தனை புள்ளி உயரம், இத்தனை புள்ளி அகலம் என்று அளக்கவேண்டும். ஒரே எழுத்தை நூறு தரம் எழுதச் சொல்வாள். அந்தப் பேனாவால் நான் தமிழ் எழுதிக் காட்டினேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, தங்கள் எழுத்துகள் எல்லாம் எங்கேயோ இறங்கி ஓடுகின்றன, உங்களுடையவை சம்மணம் கட்டிச் சாப்பிட உட்கார்ந்திருக்கின்றன என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது.

நூலகத்திலிருந்து அவள் எடுத்துவந்த ஒரு பெரிய புத்தகத்தில்தான் மொகலாய அரசவைப் படங்களை முதலில் பார்த்தேன். பாரசீகத்திலிருந்து இந்தியாவுக்குப் போன ஓவியர்கள், அங்கே பழகியவர்களுடன் சேர்ந்து கீறியவை. மேலே சிம்மாசனத்தில் பேரரசர், தலைக்குப் பின்னால் பொன் வட்டம். கீழே கம்பி வேலி. வேலிக்கு உள்ளே பெரிய பதவிக்காரர், வெளியே சின்னப் பதவிக்காரர். அதற்கும் கீழே யானை, குதிரை, முரசு அடிப்பவர்கள். யார் எங்கே நிற்கலாம், யார் யாருக்கு முன்னால் நிற்கக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம். எல்லா முகமும் பக்கவாட்டில், ஒற்றைக் கண்ணோடு. முகம் சின்னது, பிறகு யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று ஆட்களின் கழுத்துப்பட்டியிலும் இடைக்கச்சையிலும் பொடி எழுத்தில் பெயர் எழுதியிருந்தார்கள். அரசருக்கு யாரையாவது பிடித்துவிட்டால் பட்டாடை போர்த்தி அனுப்புவாராம்.

நான் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று கேட்டாள். இது எங்கள் சங்கத்தின் ஒன்றுகூடல் என்றேன்.

எங்கள் மாவட்டத்து ஆட்கள் சேர்ந்து நடத்திய சங்கம் அது. வருடத்துக்கு ஒருமுறை அதே மண்டபத்தை வாடகைக்கு எடுப்பார்கள். முந்நூறு பேர் வருவார்கள். முன்வரிசையில் சோபா, இரண்டாம் வரிசையில் மெத்தைக் கதிரை, மற்றவர்களுக்கு மடிக்கிற கதிரை. குத்துவிளக்கின் முதல் திரியை யார் ஏற்றுவது என்று மூன்று கூட்டம் போட்டுத் தீர்மானிப்பார்கள். பொன்னாடை போர்த்துவார்கள், போர்த்தியவருக்கு அடுத்த வருடம் வேறு யாராவது போர்த்துவார்கள். இதெல்லாம் மேலே நடக்கும். கீழே, நிலவறைக் குசினியில், நாங்கள் பெண்கள் பதினொரு பேர் விடியற்காலையிலிருந்து சமைப்போம். அங்கே நின்ற பத்து வருடத்தில் மேடையில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கைதட்டுகிற சத்தம் கேட்டால் பருப்பை இறக்குவோம்.

பகிடிக்காகத் தலைவரை மொகலாயர் போல ஒரு சின்னத் தாளில் கீறினேன். அதை யாரோ அவரிடம் காட்டிவிட்டார்கள். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் வீடு தேடி வந்தார்.

"தங்கச்சி, அடுத்த ஒன்றுகூடலுக்கு எங்கட சபை முழுக்க இப்பிடி அரசவை மாதிரிக் கீறித் தாங்க. சட்டம் போட்டு வாசல்ல வைப்பம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தாலும் உள்ளுக்குள் ஆசையாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே பட்டியல் வந்தது. பதினெட்டு ஆண்கள். யாருக்குப் பக்கத்தில் யார், யார் ஒரு படி மேலே, எல்லாம் கணினியில் அடித்திருந்தது. முகம் சின்னதாக இருப்பதால் பெயர்களை எழுதச் சொல்லியிருந்தார்கள். மேல் பட்டியில் எழுத, தலைவரைப் பற்றி ஒரு வாழ்த்தும் இருந்தது. அதை அவரே எழுதியிருந்தார்.

பென்சில் வரைவைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"எனக்கு ரெண்டு கண்ணும் இருக்குத்தானே? ஏன் ஒண்டை மட்டும் கீறியிருக்கீங்க?"

"இந்த முறையில அரசரை எப்பவும் பக்கவாட்டிலதான் கீறுவாங்க அண்ணன். நேரா முழிச்சுப் பார்க்கிறது பேயும் பூதமும்தான்."

"அப்ப சரி. அந்தத் தலைக்குப் பின்னால இருக்கிற வட்டம்... அது சாமிக்குப் போடுறதெல்லோ?"

"வேணாமெண்டா எடுக்கிறன்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சின்னதாப் போடுங்க" என்றார்.

ஏழு மாதம் கீறினேன். வேலை முடிந்து வந்து, குசினி மேசையில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டதுபோல் உட்கார்ந்திருப்பேன். மேடை முடிந்தது, பதினெட்டுப் பேரும் முடிந்தார்கள். தாளின் கீழ்ப் பகுதி வெறுமையாகக் கிடந்தது. யானை கீறலாமா என்று யோசித்தேன். புத்தகத்தை மறுபடி புரட்டினேன். அரண்மனையில் குழந்தை பிறந்த ஒரு படத்தில், மேலே அத்தனை ஆடம்பரமும் நடக்க, கீழே வாசலுக்கு வெளியே ஆட்கள் கிடாரம் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நானூறு வருடத்துக்கு முன்பே கீறிவிட்டார்கள். பிறகு எனக்கு ஏன் பயம்?

குசினியைக் கீறினேன். நீராவிக் குழாய், தண்ணீர் சொட்டுகிற சுவர், வெங்காய மூட்டை, நாங்கள் பதினொரு பேர். ஓவியன் தன்னையும் ஒரு மூலையில் கீறிவைக்கும் வழக்கம் இருந்ததால் என்னையும் தேங்காய் திருவ உட்கார்த்தினேன். நடுவில் குசினிக்குப் பொறுப்பான அக்காவை நிறுத்தினேன். முந்நூறு பேருக்கு உப்பு எவ்வளவு என்று கையால் அள்ளிச் சொல்லக்கூடியவர். ஆண்களுக்குச் சால்வைக் கரையில் பெயர் எழுதியதுபோல, பெண்களுக்குச் சேலை முந்தானைக் கரையில் எழுதினேன். குசினிச் சுவரில் ஒட்டும் வேலைப் பட்டியலில் ஒன்று என்னிடம் இருந்தது, அதைப் பார்த்து ஓர் எழுத்துப் பிசகாமல் பிரதி பண்ணினேன். கந்தோரில் பழகிய பழக்கம். கீழ்ப் பட்டியில் வாழ்த்துக்குப் பதிலாக ஒன்றுகூடலில் நாங்கள் சமைக்கும் சாப்பாடுகளை நாணல் பேனாவால் எழுதினேன். குத்தரிசிச் சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை, சம்பல். பழைய ஏடுகளில் பட்டியில் ஒட்டிய கவிதைக்கும் படத்துக்கும் பல வேளை ஒரு சம்பந்தமும் இருக்காது என்று என் சிநேகிதி சொல்லியிருந்தாள். என்னுடையதில் இருந்தது.

படம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுச் செயலாளர் பார்க்க வந்தார். பூதக்கண்ணாடியை வாங்கி முதலில் தன்னைத் தேடினார். கண்டுபிடித்துத் தலையாட்டினார். பிறகு கீழே வந்தார்.

"படம் சோக்கா வந்திருக்கு தங்கச்சி. ஒரு சின்னத் திருத்தம். நீலச் சேலையை எடுத்துவிடுங்க."

காரணம் எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அந்த அக்கா மூன்று வருடத்துக்கு முன் கணவரை விட்டுவிட்டு, பிள்ளைகள் இரண்டு பேருடன் மொன்ட்ரியால்-நோருக்குப் போய்விட்டவர். கணவர் சங்கத்தின் உபதலைவர். படத்தில் தலைவருக்கு இடப்பக்கம், ஒரு படி கீழே நிற்பவர்.

"அவர் அந்த மனிசியோட ஒரு படத்தில நிக்கமாட்டாராம்."

"அவ ஆக்கின சோத்தை மட்டும் சாப்பிடுறாரே அண்ணன்?"

"அது வேற கதை."

"ரெண்டும் ஒரு கதைதான். எடுக்கிறதெண்டா ரெண்டு பேரையும் எடுப்பம். மேல ஒரு பொட்டு, கீழ ஒரு பொட்டு."

செயலாளர் எழும்பிவிட்டார். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "ஒரு பொம்பிளைக்காக முழுச் சங்கத்தையும் பகைக்காதீங்க" என்றார். நான் கதவைச் சாத்தினேன். மெதுவாகச் சாத்தினேன் என்று சொல்ல மாட்டேன். என் கணவர் உள்ளேயிருந்து, "உனக்கேன் இந்த வில்லங்கம்?" என்று கேட்டார். எனக்கில்லாத வில்லங்கம் வேறு யாருக்கு என்று கேட்டேன்.

சனிக்கிழமை சிநேகிதியிடம் சொன்னேன். அவள் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கும் சபையில் ஒருவருக்கு மட்டும் முகம் இல்லை. யாரோ ஈரவிரலால் தேய்த்திருக்கிறார்கள். அவருக்கும் யாருக்கும் என்ன பகையோ தெரியவில்லை. முதலில் எங்கே பார்த்தாய் என்று அவள் கேட்டாள். அந்தத் தேய்த்த இடத்தைத்தான் என்றேன். என் தாளில் அப்படியொரு இடம் வராது என்று அன்று அவளுக்கு முன்னால் சத்தியம் பண்ணினேன். எனக்குச் சத்தியம் பண்ணுவது எப்போதும் சுலபம்.

இவ்வளவும் செய்தவள் அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அவரை ஆச்சரியப்படுத்த நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நன்றி வாங்க நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, கறுப்புக் குப்பைப் பைக்குள் சுற்றி, மெட்ரோவிலும் பஸ்ஸிலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மொன்ட்ரியால்-நோர் போனேன். மாடிப்படி வெளிப்பக்கம், முழுக்க உறைபனி. அவர் ஒரு கார்தெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சமைக்கிற வேலை செய்தார். வீட்டிலும் ஏதோ அடுப்பில் கிடந்தது. தேநீர் ஊற்றித் தந்தார். நான் நடந்ததெல்லாம் சொன்னேன். செயலாளரிடம் நான் சொன்ன பதிலை இரண்டு தரம் சொன்னேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, அதற்கு மேல் பூதக்கண்ணாடியையும் பிடித்துப் பார்த்தார். அகப்பையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு முந்தானைக் கரைக்கு வந்தார். சிரிப்பு நின்றது.

"இதென்ன கா, எண்ட தோளில அந்த மனிசன்ட பேர் கிடக்கு?"

எனக்கு உடனே விளங்கவில்லை. "லிஸ்ட்ல அப்பிடித்தான் இருந்த..." என்றேன்.

பட்டியலில் அப்படித்தான் இருந்தது. திருமதி என்று போட்டு, அதன் பிறகு கணவரின் பெயர். பதினொரு பேருக்கும் அப்படித்தான். சங்கத்தில் அச்சடித்தது. பத்து வருடமாக ஒவ்வொரு ஒன்றுகூடலுக்கும் குசினிச் சுவரில் ஒட்டியது.

"நீ இதுக்கோ அவங்களோட சண்டை பிடிச்ச?" என்றார். "நான் அந்தப் பேரைக் கழட்டி எறிஞ்சு மூணு வருசம். நீ பொறுக்கிக் கொண்டந்து எண்ட சேலையில தைச்சு வெச்சிருக்காய். என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன். கோபப்படுவதில் பெயர் எடுத்தவள் நான். அன்று வெட்கத்தில் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழும்பிப்போய்க் கைப்பையை எடுத்துவந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இந்த ஊர்ல கலியாணம் கட்டினாலும் பொம்பிளைக்குப் பிறந்த பேர்தான். டொக்டரிட்டப் போனா எண்ட பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. எங்கட ஆக்கள்தான் கூப்பிடுறல்ல."

அட்டையில் தகப்பன் பெயரும் அவர் பெயரும் இருந்தன. தகப்பன் பெயரின் மேல் பெருவிரலை வைத்து மூடினார். "இவரும் வேணாம். மற்றதை மட்டும் எழுது. எழுதினா நான் அந்தப் படத்தில நிக்கிறன். இல்லாட்டி நீயே வெள்ளையைப் பூசி அழி. எனக்குக் கவலை இல்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு என்மேல் வந்த கோபத்தை வேறு யார்மேலும் காட்ட முடியவில்லை. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் குலமும் குடியும் தாய்வழியில் வருபவை. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பவர். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவள், ஒரு தாளில் அடித்து ஒட்டியிருந்ததற்காக, பதினொரு பெண்களின் தோளில் பதினொரு ஆண்களை ஏற்றிவைத்திருந்தேன். அதில் நானும் ஒருத்தி. தேங்காய் திருவிக்கொண்டிருந்த என் முந்தானையிலும் என் கணவரின் பெயர்தான். அவர் நல்ல மனிதர், ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தேங்காயைத் திருவியது அவர் இல்லை.

அன்றிரவே சவர அலகின் முனையால் சுரண்டத் தொடங்கினேன். என் தாளில் சுரண்டிய இடமே வராது என்று சத்தியம் பண்ணியவள், பதினொரு இடத்தில் சுரண்டினேன். சுரண்டிய இடங்களைக் கல்லால் தேய்த்துச் சமப்படுத்தினேன். அப்போதுதான் அடுத்த வெட்கம் வந்தது. மற்றப் பெண்களில் ஆறு பேரின் பெயர் எனக்குத் தெரியாது. பத்து வருடம் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்திருக்கிறோம். இன்னாரின் மனிசி, இன்னாரின் அம்மா, அக்கா, மச்சாள் என்றே போயிருக்கிறது. ஒவ்வொருவராகத் தொலைபேசியில் எடுத்தேன். ஒருத்தியின் கணவர் எடுத்து, "ஏன், எண்ட பேர் காணாதோ?" என்று கேட்டார். போதாது என்றேன். இன்னொருத்தி தன் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு, மகளிடம் கொடுத்துச் சொல்லச் சொன்னாள். எல்லோரும் எழுதச் சம்மதித்தார்கள். இந்த முறை கேட்டுத்தான் எழுதினேன். அந்தப் பெயர்கள் ஒன்றையும் இங்கே எழுதவில்லை. இதில் எழுதலாமா என்று நான் அவர்களிடம் கேட்கவில்லை. ஒருமுறை பட்டது போதும்.

ஒன்றுகூடலுக்கு இரண்டு வாரம் இருக்கத் தலைவர் தொலைபேசியில் வந்தார். நீலச் சேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும், அதைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், படத்தைத் தந்தால் சட்டம் போடலாம் என்றும் சொன்னார். அந்த வட்டத்தோடு வாசலில் நிற்கும் ஆசை அவருக்கு விட்டுப் போகவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். சந்தோசமாகக் கொடுத்துவிட்டேன். எனக்கு இவ்வளவு புத்தியும் எங்கேயிருந்து வருகிறதோ தெரியாது.

ஒன்றுகூடல் அன்று காலை குசினிக்கு இறங்க முதல் மண்டப வாசலுக்குப் போனேன். தங்க நிறச் சட்டம், பளபளக்கும் கண்ணாடி, தாங்கியில் படம். மேடை இருந்தது, பதினெட்டுப் பேரும் இருந்தார்கள், வட்டமும் வாழ்த்தும் இருந்தன. மேடைப் படியோடு படம் முடிந்துவிட்டது. சட்டத்துக்கும் படத்துக்கும் நடுவில் வைக்கும் மட்டையை அந்த அளவுக்கு வெட்டியிருந்தார்கள். குசினியும் நாங்களும் சாப்பாட்டுப் பட்டியும் மட்டைக்குக் கீழே. அழிக்கவில்லை, மூடிவிட்டார்கள்.

படத்தைத் தாங்கியிலிருந்து தூக்கினேன்.

"எங்க கொண்டு போறீங்க?" என்று செயலாளர் ஓடிவந்தார்.

"துடைக்க" என்றேன்.

கீழே குசினியில் கிடாரங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. வெங்காயம் நறுக்கிய மேசையைத் துடைத்து, படத்தைக் குப்புற வைத்து, பின்பக்க ஆணிகளைக் கரண்டியால் நெம்பினேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். படத்தை வெளியே எடுத்தேன். மட்டையை எடுத்து அவர்களுக்குக் காட்டினேன். அந்த அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். தான் வெங்காயம் வெட்டும் சின்னக் கத்தியை எடுத்து, பிடிப் பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

"வெட்டு" என்றார்.

மட்டையின் கீழ்ப் பகுதியை, குசினி முழுக்கத் தெரியும் அளவுக்கு, அடிமட்டம் இல்லாமல் வெட்டினேன். கோடு ஒரு நூல்கூட விலகவில்லை. அதற்கு முன்பும் பிறகும் நான் இழுத்த எந்த எல்லைக்கோட்டையும் பற்றி எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை.

மட்டையை வைத்துச் சட்டத்தைப் பூட்டிய பிறகு, என் பையில் இருந்த பூதக்கண்ணாடி கைமாறிக்கொண்டே போனது. தொலைபேசியில் வெட்கப்பட்டவள் தன் பெயரை வாய்விட்டு வாசித்தாள். பிறகு இன்னொரு தரம் வாசித்தாள். அடுப்புகளைத் தணித்தோம். படத்தைத் தூக்கிக்கொண்டு பதினொரு பேரும் மேலே போனோம். பத்து வருடத்தில் முதல்தடவை, மஞ்சள் பட்ட கையோடும் புகை மணக்கிற சேலையோடும், வாசலில் படத்துக்கு இரண்டு பக்கமும் நின்றோம். உள்ளே பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். முந்நூறு பேரில் பாதிப்பேர் திரும்பி எங்களைப் பார்த்தார்கள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. கீழே ஆள் இல்லை என்று யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தலைவர் தோளில் புதுப் பொன்னாடையோடு வேகமாக வந்தார். அவருக்குப் பின்னால் உபதலைவர். தலைவர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். பழக்கதோசத்தில் அந்த அக்காவைப் பார்த்து, "திருமதி..." என்று தொடங்கினார்.

உபதலைவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனம் பசியில இருக்கு. சாப்பாடு போடலாம்தானே?" என்றார் தலைவர்.

"எண்ட பேர் அதில எழுதிக் கிடக்கு" என்றார் அக்கா. "வாசிச்சுக் கூப்பிடுங்க. வாறன்."

தலைவர் சுற்றிப் பார்த்தார். கதிரைகளிலிருந்து ஆட்கள் எழும்பத் தொடங்கியிருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார். எழுத்து எறும்பளவு, அதுவும் படத்தின் அடிப்பகுதியில். கொஞ்சம் குனிந்து பார்த்தார், தெரியவில்லை. நான் பூதக்கண்ணாடியை நீட்டினேன். முழங்காலில் கையை ஊன்றி இன்னும் குனிந்தார். பொன்னாடை தோளிலிருந்து வழுகித் தரையில் விழுந்தது. அதை எடுக்க அவருக்குக் கை இருக்கவில்லை. எங்களில் ஒருத்தியும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பிறகு, எல்லோருக்கும் கேட்க, வாசித்தார்.